ஆறு ஆல்பம், அறுபது சண்டை

1976-ல் லண்டனில் ஆரம்பித்து, 1986-ல் கடையைக் கட்டிவிட்ட குழு. பத்து வருஷத்தில் மொத்தம் ஆறே ஆறு ஆல்பம். இதில் எது ஒஸ்தி, எது மட்டம் என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 'தி க்ளாஷ்' என்கிற பங்க் ராக் குழுவைச் சொல்கிறேன். பெயருக்கு அர்த்தமே 'மோதல்'. ரசிகர்கள் அதை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

பங்க் என்றால் என்ன சார் என்பவர்களுக்கு: எழுபதுகளின் நடுவில் பெரிய ராக் குழுக்களெல்லாம் இருபது நிமிஷப் பாட்டு, மேடையில் புகை, நாலு பக்கமும் கீபோர்டு என்று கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டிருந்தன. அதில் எரிச்சலான பையன்கள், 'மூணு கார்டு தெரிஞ்சா போதும், ரெண்டு நிமிஷத்துல பாட்டை முடி' என்று மேடையேறியதுதான் பங்க். க்ளாஷின் பால் சிமனனுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கவே தெரியாது. கிட்டார் கழுத்தில் ஸ்வரங்களின் பெயரை பெயின்ட்டால் எழுதிவைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் தெருப்பையன் குரலில் கத்தினாலும், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக்காரரின் பிள்ளை. பிறந்தது துருக்கியின் அங்காராவில். அப்பா பிறந்தது நம் லக்னோவில்! எதிர்க்கோஷ்டிக்காரர்கள் இதை மட்டும் மறக்கவே மாட்டார்கள்.

முதல் சண்டை ஆல்பம் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1977 ஜனவரியில் ஸி.பி.எஸ். கம்பெனியுடன் ஒரு லட்சம் பவுண்டுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளித்துவத்தைத் திட்டிப் பாடுகிறவன் முதலாளியிடமே அட்வான்ஸ் வாங்கலாமா? பங்க் அன்றைக்கே செத்துப்போச்சு என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

அப்புறம்தான் முதல் ஆல்பம், 1977 ஏப்ரலில். ஆபீஸ் போகிற யாரும் இதைக் கேட்கலாம். முதல் பாட்டே வேலையை வெறுக்கும் ஒரு குமாஸ்தாவைப் பற்றியது. 'கரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' என்று இன்னொரு பாட்டு. வேலைவாய்ப்பு அலுவலகம் நீட்டும் உருப்படாத வேலைகளின் பட்டியல். கிட்டாரிஸ்ட் மிக் ஜோன்ஸ் ஒரு அரசாங்க ஆபீஸில் வரும் தபாலைப் பிரிக்கும் வேலை பார்த்தவர். ஐரிஷ் தீவிரவாதிகள் கடிதத்தில் வெடிகுண்டு வைத்து அனுப்பிய காலம் அது. கடைநிலை ஊழியன் பிரித்தால் பரவாயில்லை போலிருக்கிறது!

இந்த ஆல்பத்தை அமெரிக்கக் கம்பெனி 'எங்க ரேடியோவுக்கு ஒத்துவராது' என்று வெளியிடவே இல்லை. கப்பலில் வந்த இறக்குமதித் தட்டுகளே ஒரு லட்சம் போன பிறகு, 1979-ல் மனசு மாறி, நாலு பாட்டை எடுத்துவிட்டு வேறு ஐந்தைச் சேர்த்து வெளியிட்டது. சேர்த்ததெல்லாம் நல்ல பாட்டுகள், அதுதான் வம்பு. இங்கிலீஷ்காரன் 'முதல் ஆல்பம்தான் டாப்' என்கிறான். அமெரிக்காக்காரன் 'ஆமாம்' என்கிறான். ஐந்து நிமிஷம் பேசினால்தான் இருவரும் வேறு வேறு தட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியும்.

1978-ல் வந்த 'கிவ் எம் இனஃப் ரோப்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவரைப் போட்டு முழுக்க பாலிஷ் அடித்தார்கள். டாப்பர் ஹெடன் என்ற அற்புதமான டிரம்மர் சேர்ந்தது ஒன்றுதான் லாபம். இங்கிலாந்து சார்ட்டில் இது இரண்டாமிடம். இன்று எல்லாரும் முதலிடம் தரும் 'லண்டன் காலிங்' அப்போது பிடித்தது ஒன்பதாமிடம்தான். சார்ட்டை நம்புகிறவர்கள் யோசிக்கவும்.

*

'லண்டன் காலிங்' 1979 டிசம்பரில் வந்தது. கை ஸ்டீவன்ஸ் என்று ஒரு தயாரிப்பாளர். இவர் ஸ்டூடியோவில் நாற்காலிகளைத் தூக்கி அடிப்பார், பியானோவில் ஒயினை ஊற்றுவார். பையன்களுக்குச் சூடேற்ற வேண்டுமாம். ஏறிவிட்டது. ரெகே, ராக்கபிலி, ஜாஸ், ஸ்பானிஷ் உள்நாட்டுப் போர் என்று பத்தொன்பது பாட்டு.

அட்டையில் பால் சிமனன் கிட்டாரைத் தரையில் அடித்து உடைக்கும் போட்டோ. நியூயார்க் பெலேடியம் அரங்கில் அந்த செப்டம்பரில் பென்னி ஸ்மித் எடுத்தது. 'ஃபோகஸே இல்லை, வேண்டாம்' என்று எடுத்தவரே சொல்லியும் ஸ்ட்ரம்மர் விடவில்லை. உடைந்த கிட்டாரை 2019-ல் லண்டன் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது விலை சமாசாரம். குழு கேட்டது இரட்டைத் தட்டு. கம்பெனி முடியாது என்றது. 'சரி, கூட ஒரு சின்ன சிங்கிள் இலவசமாவது தரலாமா?' என்றார்கள். தலையாட்டினார்கள். அந்த இலவசம் மெல்ல மெல்ல வளர்ந்து, இரண்டாவது முழுத் தட்டாகவே ஆகிவிட்டது! ஒரு தட்டு விலையில் இரண்டு. மறு வருஷம் ஆசை பெருகி மூன்று தட்டு: 'ஸாண்டினிஸ்டா!'. இந்தத் தடவை கம்பெனி சும்மா விடவில்லை. மலிவாக விற்க வேண்டுமென்றால், இங்கிலாந்தில் முதல் இரண்டு லட்சம் தட்டுகளுக்கு ராயல்டி கிடையாது என்றது. ஒத்துக்கொண்டார்கள். சம்பளம் வேண்டாம், ஓவர்டைம் மட்டும் பார்க்கிறேன் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ரசிகர் சபையே இரண்டாக உடைவது இங்கேதான். முப்பத்தாறு பாட்டு, இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். டப் இசை, கோஸ்பல், வால்ட்ஸ், பின்னோக்கி ஓட்டிய டேப், என்னென்னமோ. ஒரு கட்சி, அதை நம்ம பாஷையில் சொன்னால், "பாதியைக் குப்பையில போட்டா ஒரு அருமையான ஆல்பம் மிஞ்சும்யா" என்கிறது. "எந்தப் பாதி?" என்று எதிர்க்கட்சி கேட்கும். அவ்வளவுதான், அந்தக் கட்சிக்குள்ளேயே அடிதடி. இங்கிலாந்து விமர்சகர்கள் கிழித்தார்கள். அமெரிக்காவில் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை 1981-ல் விமர்சகர்களிடம் ஓட்டு எடுத்தபோது இதற்குத்தான் முதலிடம்.

போன வாரம் ஆறையும் வரிசையாகக் கேட்டேன். 'ஸாண்டினிஸ்டா!'வை மட்டும் இரண்டு தடவை. முதல் பாட்டான 'தி மேக்னிஃபிசன்ட் ஸெவன்', காலை ஏழு மணி அலாரத்தில் எழுந்து வேலைக்கு ஓடுகிறவனின் ஒரு நாளை ராப் பாணியில் சொல்கிறது. 1980-ல், ராப் நியூயார்க்கை விட்டு அதிகம் வெளியே வராதபோதே! ஆறாவது பக்கத்தில் பழைய 'கரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' பாட்டை, கீபோர்டு வாசித்தவரின் இரண்டு சின்னப் பிள்ளைகள் மழலையில் பாடுகிறார்கள். கேலிக்கூத்து என்று பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். உருப்படாத வேலைகளின் பட்டியலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குஷியாகப் பாடுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, சார்.

*

பணம் கடைசியில் வந்தது. 1982-ல் 'காம்பாட் ராக்'. மிக் ஜோன்ஸ் இதையும் இரட்டை ஆல்பமாக நீட்டி வைத்திருந்தார். மற்றவர்கள் மறுத்து, க்ளின் ஜான்ஸ் என்ற கைதேர்ந்த ஆசாமியிடம் கொடுத்து ஒன்றாக வெட்டினார்கள். அமெரிக்காவில் ஏழாவது இடம். 'ராக் த காஸ்பா' பெரிய ஹிட். அதற்கு மெட்டுப் போட்டு டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் வாசித்தவர் டாப்பர் ஹெடன். ஆனால் பாட்டின் வீடியோவில் அவர் இல்லை. ஹெராயின் பழக்கத்துக்காக மே மாதமே நீக்கிவிட்டார்கள். மறு வருஷம் மிக் ஜோன்ஸையும் வெளியே அனுப்பினார்கள். நஷ்டத்தில் ஒற்றுமையாக இருந்தவர்களை லாபம் பிரித்துவிட்டது.

மிச்சமிருந்த ஸ்ட்ரம்மரும் சிமனனும் புது ஆட்களுடன் 1985-ல் 'கட் த க்ராப்' போட்டார்கள். மானேஜர் பெர்னி ரோட்ஸே புனைபெயரில் தயாரித்தது. இது ஆறாவது இடம் என்பதில் உலகத்தில் எந்த ரசிகனுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. 'திஸ் இஸ் இங்க்லண்ட்' என்ற ஒரு பாட்டுக்காக மன்னிக்கலாம்.

'காம்பாட் ராக்'கை வியாபாரச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்று ஒரு பாட்டு. எந்த நாடும் சேர்த்துக்கொள்ளாத மனிதர்களைப் பற்றியது. அமெரிக்க சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுப்போன குழந்தைகளும் அதில் வருகிறார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து, 2007-ல், இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண் மாயா அருள்பிரகாசம் - மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. - அந்த இசைத் துண்டை எடுத்து 'பேப்பர் ப்ளேன்ஸ்' செய்தார். விசாவும் பாஸ்போர்ட்டும் சந்தேகப் பார்வையும்தான் அதற்கு விஷயம். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ரஹ்மானின் இசைக்கு நடுவே நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாட்டாசிரியர் பட்டியலில் க்ளாஷ்காரர்கள் நால்வர் பெயரும் உண்டு.

ஸ்ட்ரம்மர் இதைக் கேட்கவில்லை. 2002 நவம்பரில், வேலைநிறுத்தம் செய்த தீயணைப்பு வீரர்களுக்காக லண்டன் ஆக்டனில் பாடினார். கூட்டத்தில் இருந்த மிக் ஜோன்ஸ் தானாகவே மேடையேறி கிட்டாரை மாட்டிக்கொண்டார். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு! அடுத்த மாதம் ஸ்ட்ரம்மர் இறந்துபோனார். வயது ஐம்பது.

சரி, என் வரிசை. முதலில் 'லண்டன் காலிங்', அதில் புரட்சி ஒன்றும் இல்லை. இரண்டாவது 'ஸாண்டினிஸ்டா!', மூட்டை முடிச்சோடு அப்படியே, ஒரு பாட்டுக்கூடக் குறைக்காமல். மூன்றாவது முதல் ஆல்பம், இங்கிலீஷ் பதிப்பு. பிறகு 'காம்பாட் ராக்', 'ரோப்', கடைசியில் அந்தக் கடைசி.

சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். 'ஸாண்டினிஸ்டா!'வின் ஆறாவது பக்கத்தை முழுசாகக் கேட்டுவிட்டு வரவும்.