வலது மூலையில் சேரலாதன்
கபடியில் கைதட்டல் பெரும்பாலும் ரெய்டு போகிறவருக்குத்தான். மூலையில் நிற்பவரின் வேலை வேறு: ரெய்டு வருபவரைப் பிடித்து நிறுத்துவது. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் அதை 46 வயதிலும் செய்தார்.

அவருடைய பலம் கணுக்கால் பிடி. போனஸ் புள்ளி எடுக்க வரும் ரைடர் அதற்கான கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்குவார். அந்தக் கணத்தில் தாழப் பாய்ந்து, இரு கைகளாலும் கணுக்காலைக் கவ்வி மார்போடு இறுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் ரைடர் தாவிவிடுவார். பிந்தினால் முகத்தில் உதை விழும். பிடி நின்றுவிட்டால் மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கிவிடுவார்கள்.

2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு 39 வயது. பலர் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளராகும் வயது. 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பை வாங்கினார். அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38–29 என வென்ற இந்திய உலகக்கோப்பை அணியிலும் இருந்தார். 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைமை ஏற்றார். தமிழ் தெரியாத இளம் வீரர்களுக்கும் அவர் ‘அண்ணா’தான்.

மூலையில் நிற்கச் சொன்னால் முகம் சுளிக்கும் ஆவடி, அம்பத்தூர்ப் பிள்ளைகள் அவருடைய ஆட்டங்களை ஒருமுறை பார்க்க வேண்டும். கையை அல்ல, பாய்வதற்கு முன் அவர் கால் வைக்கும் இடத்தை.