வேட்பாளரைப் பற்றி மாணவர்களை எப்போது கேட்பது?

2024 ஏப்ரல் 19-ஆம் தேதி நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் பதிவான வாக்கு 69.72 சதவீதம். கள்ளக்குறிச்சித் தொகுதியில் அது 79 சதவீதத்தைத் தாண்டியது. தருமபுரிக்கு அடுத்து மாநிலத்திலேயே இரண்டாவது இடம். அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்தது. அங்கே 30 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் வாக்களித்தார்கள் என்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையம் மதிப்பிட்டது. ஒன்று எல்லா வயதினருக்குமான கணக்கு, மற்றது இளைஞர்களுக்கு மட்டுமானது. இருந்தாலும் வாக்குச்சாவடிக்கு வருவதில் நம் ஊர் யாருக்கும் சளைத்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

வாக்குச்சாவடிக்கு வருவதற்கு முன்பே ஒரு வேலை முடிந்துவிடுகிறது. களத்தில் யார் யார் நிற்கப்போகிறார்கள் என்ற முடிவு அது. அதில்தான் அமெரிக்க மாணவருக்கும் கள்ளக்குறிச்சி மாணவருக்கும் பெரிய வித்தியாசம். அங்கே 18 வயது மாணவருக்கு இரண்டு வாக்குகள்: கட்சியின் வேட்பாளர் யார் என்று தீர்மானிக்க ஒன்று, அதிபரைத் தேர்ந்தெடுக்க இன்னொன்று. நம் மாணவருக்கு இரண்டாவது மட்டும்தான்.

முதல் வாக்கு எப்படி நடக்கிறது? பெரும்பாலான மாநிலங்களில் அரசே உட்கட்சித் தேர்தலை நடத்துகிறது. கட்சியின் பெயரில் பதிவுசெய்துகொண்டவர்கள், சில மாநிலங்களில் கட்சி சாராதவர்களும்கூட, வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள். அயோவா போன்ற சில மாநிலங்களில் கூட்டம் போட்டு முடிவெடுக்கும் வழக்கம் உண்டு. 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி அங்கே ஜனநாயகக் கட்சிக் கூட்டங்கள் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடங்களிலும் தேவாலயங்களிலும் நூலகங்களிலும் நடந்தன. ஒரு மூலையில் பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்கள், எதிர் மூலையில் பைடன் ஆதரவாளர்கள், நடுவில் முடிவெடுக்காதவர்கள். தலைகளை எண்ணினார்கள். பெரும்பாலான கூட்டங்களில் 15 சதவீதம் சேராத அணி கலைந்து வேறு அணியோடு சேர வேண்டியிருந்தது. அப்போது மற்ற மூலைகளில் இருப்பவர்கள் வந்து பேசி இழுத்தார்கள். கல்லூரி மாணவர் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் எல்லோர் முன்னிலையிலும் தன் வேட்பாளருக்காக வாதாடினார். பெரியவர் மனம் மாறினால் அங்கேயே, அப்போதே கணக்கு மாறியது. பொதுத்தேர்தல் நாளுக்குள் 18 முடித்துவிடுவார் என்றால் 17 வயதிலேயே இந்த முதற்கட்டத்தில் கலந்துகொள்ள அயோவா, ஒஹாயோ, வர்ஜீனியா, மேரிலாந்து, இல்லினாய் போன்ற மாநிலங்கள் அனுமதிக்கின்றன. நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள்.

இதனால் மாணவர்கள் நினைத்ததெல்லாம் நடந்துவிடுவதில்லை. 2016 உட்கட்சித் தேர்தல்களில் 30 வயதுக்கு உட்பட்டவர்களிடம் பெர்னி சாண்டர்ஸ் வாங்கிய வாக்குகள், அதே வயதினரிடம் ஹிலாரி கிளிண்டனும் டிரம்பும் சேர்ந்து வாங்கியதைவிட அதிகம். ஆனாலும் ஹிலாரிதான் வேட்பாளரானார், ஏனென்றால் மற்ற வயதினர் பெருமளவில் அவர் பக்கம் நின்றார்கள். மாணவர் கருத்து தோற்றது. எண்ணப்பட்டு, பெரும்பான்மையிடம் தோற்றது. கேட்கப்படாமலே போவதைவிட இது எவ்வளவோ மேல்.

1968-இல் நடந்தது இன்னும் அழுத்தமானது. வியட்நாம் போரை எதிர்த்து செனட்டர் யூஜின் மெக்கார்த்தி, பதவியில் இருந்த சொந்தக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சனையே எதிர்த்துக் களமிறங்கினார். அவருக்காக வேலை செய்யக் கல்லூரி மாணவர்கள் கும்பலாக நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குப் போனார்கள். கிராமத்துப் பெரியவர்கள் கதவைத் திறக்க வேண்டும் என்பதற்காக நீண்ட முடியை வெட்டி, தாடியை மழித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். மார்ச் 12-ஆம் தேதி மெக்கார்த்திக்குக் கிடைத்தது சுமார் 42 சதவீதம். ஜான்சன் முந்தினார், ஆனால் பாதியைக்கூட எட்டவில்லை. மார்ச் 31-ஆம் தேதி, மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார். அந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது வாக்குரிமையே கிடையாது, வாக்களிக்கும் வயது 21. அது 18 ஆனது 1971-இல்.

நியூ ஹாம்ப்ஷயருக்கு ஓராண்டு முன்பே தமிழ்நாட்டில் மாணவர்கள் இதைவிடப் பெரிய காரியம் செய்திருந்தார்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்நின்ற மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன், 1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் காமராசரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். போராட்டத்தில் இருந்த மாணவர்கள் அந்தத் தேர்தலில் ஊர் ஊராகப் போய் தி.மு.க.வுக்கு வேலை செய்தார்கள். இங்கேயும் வாக்களிக்கும் வயது அன்று 21 தான். அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தத்துக்குப் பிறகு 1989 மார்ச்சில்தான் 18 ஆனது. வாக்கு இல்லாத மாணவர்களின் கருத்துக்குக் கட்சிகள் அன்று காது கொடுத்தன; மாணவர் ஒருவரை முதலமைச்சராக இருந்தவருக்கு எதிராகவே நிறுத்தத் துணிந்தன. இன்று வாக்கு இருக்கிறது, காதைத்தான் காணோம்.

2024-இல் என்ன நடந்தது என்று தேதிவாரியாகப் பாருங்கள். மார்ச் 16 தேர்தல் அறிவிப்பு. மார்ச் 20-ஆம் தேதி வேட்புமனு தாக்கல் தொடங்கிய வாரத்தில்தான் பெரிய கட்சிகள் பட்டியல்களை வெளியிட்டன. கள்ளக்குறிச்சியில் தி.மு.க. சார்பில் மலையரசன், அ.தி.மு.க. சார்பில் உளுந்தூர்பேட்டை முன்னாள் எம்.எல்.ஏ. குமரகுரு, பா.ஜ.க. கூட்டணியில் பா.ம.க.வின் தேவதாஸ் என்று பெயர்கள் வந்தன. நாம் தமிழர் கட்சியும் களத்தில் இருந்தது. மார்ச் 30 மனு வாபஸ் பெறக் கடைசி நாள், ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. ஒரு மாணவர் இந்த வேட்பாளர்களை எடைபோடக் கிடைத்தது ஒரு மாதம்கூட இல்லை, அதுவும் தேர்வுக் காலம். டிரம்ப் 2024 தேர்தலுக்குத் தன் வேட்பாளர் அறிவிப்பைச் செய்தது 2022 நவம்பரிலேயே.

நம் கட்சிகளில் விருப்ப மனு வாங்குகிறார்கள், கட்டணம் கட்டச் சொல்கிறார்கள், தலைமையகத்தில் நேர்காணல் நடத்துகிறார்கள். தொகுதி வாக்காளருக்கோ, சாதாரண உறுப்பினருக்கோ அதில் இடமில்லை. 2014 மக்களவைத் தேர்தலின்போது ராகுல் காந்தியின் முயற்சியில் காங்கிரஸ் சில தொகுதிகளில் மட்டும் உள்ளூர்க் கட்சிக்காரர்களை வாக்களிக்க வைத்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. அந்தத் தேர்தலில் கட்சி படுதோல்வி அடைந்தது, முயற்சியும் அதோடு நின்றது. நல்ல யோசனை ஒன்று கெட்ட நேரத்தில் மாட்டிக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

இனி கள்ளக்குறிச்சித் தொகுதியில் உள்ள கல்வராயன் மலைக்குப் போவோம், ஏனென்றால் வேட்பாளர் தேர்வில் யாருக்கு இடம் என்ற கேள்வி அங்கேதான் கனமாகிறது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் இருந்த மலை அது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. மலைமக்களுக்கு வாக்குரிமை முழுமையாகக் கிடைத்தது 1996-இல்தான் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம், தேர்தல் முடிவு வந்த இரண்டே வாரத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கியது. அதன் பிறகு நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த விசாரணையில்தான் இந்த வரலாறு வெளியே பேசப்பட்டது. அதன்படி பார்த்தால், மலை ஊர்களான வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் இன்று பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கு வாக்கு என்பது தாமதமாக வந்த உரிமை.

மலையை இரண்டு மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெள்ளிமலைப் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், சங்கராபுரம் சட்டமன்றத் தொகுதி. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம், ஏற்காடு சட்டமன்றத் தொகுதி. இரு பக்கமும் இருப்பது ஒரே மலையாளி பழங்குடிச் சமூகம். ஒரே மரவள்ளி, ஒரே சாமை, ஒரே கடுக்காய்க் காடு. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இரண்டே இரண்டுதான், மற்றது சேந்தமங்கலம். எனவே கருமந்துறை மாணவி வாக்களிக்கப் போகும்போது, எந்தக் கட்சியானாலும் நிற்பவர் பழங்குடியினரில் ஒருவர். வெள்ளிமலை மாணவிக்கு அந்த உறுதி இல்லை. சங்கராபுரம் பொதுத் தொகுதி, வாக்குகளில் பெரும்பங்கு சமவெளியில் இருக்கிறது, கட்சிகள் சமவெளிக் கணக்கை வைத்தே ஆளை நிறுத்துகின்றன. சாலை, மருத்துவமனை, வன உரிமைப் பட்டா, சாதிச் சான்றிதழ் என்று அவள் வேட்பாளரிடம் கேட்க நினைப்பவை எல்லாம் மலைக்கே உரியவை. அவளுடைய கருத்து வாக்கு இயந்திரத்தில் பதிவாகிறது, வேட்பாளர் தேர்வில் பதிவாவதே இல்லை. மக்களவைத் தேர்தலில் மட்டும் இரண்டு பக்கமும் கள்ளக்குறிச்சித் தொகுதியில் ஒன்று சேர்கின்றன. அங்கே மலை முழுக்கச் சேர்ந்து ஒரு குரலில் கேட்க வழி உண்டு. சாலை முதல் சான்றிதழ் வரையிலான கேள்விகளைக் கட்சிகளின் மாவட்டச் செயலாளர்களிடம் மாணவர்கள் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

கல்லூரிகளின் பங்கும் இதில் இருக்கிறது. தேர்தல் ஆணையம் 2018-இல் வாக்காளர் கல்விக் குழுக்களைத் தொடங்கியது. கோலம் போடுகிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள், பேரணி போகிறார்கள். வாக்களிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். ஒரு வேட்பாளரை எப்படி எடைபோடுவது என்று சொல்லித் தருவது அரிது. கட்சிப் பிரச்சாரம் வளாகத்துக்குள் வரக் கூடாது என்பது சரியான கவலைதான். ஆனால் படிவம் 26 கட்சிப் பிரச்சாரம் இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவரும் சத்தியம் செய்து தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் அது. அவர்மீது நிலுவையில் உள்ள வழக்குகள், எந்தச் சட்டப் பிரிவு, எந்த நீதிமன்றம், அவர் பெயரிலும் துணைவர் பெயரிலும் உள்ள நிலம், வீடு, நகை, வங்கி இருப்பு, கடன், கடந்த ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு, கல்வித் தகுதி. எல்லாம் ஆணையத்தின் இணையதளத்தில் கையெழுத்தோடு கிடைக்கிறது. குற்ற வழக்கு இருந்தால் மூன்று முறை பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்ற உத்தரவு. நான்கு வேட்பாளர்களின் படிவம் 26-ஐ மேசையில் பரப்பி வைத்து ஒரு வகுப்பு ஒரு மணி நேரம் படித்தால் போதும், சுவரொட்டியில் இல்லாத மனிதர்கள் தெரிவார்கள்.

அமெரிக்காவில் ஸ்காலஸ்டிக் பதிப்பகம் 1940-இல் பள்ளிப் பிள்ளைகளிடையே மாதிரி அதிபர் தேர்தல் நடத்தத் தொடங்கியது. 1948, 1960, 2016 போன்ற ஒருசில முறைதான் பிள்ளைகளின் தீர்ப்பு உண்மை முடிவிலிருந்து விலகியது. பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுப் பேச்சையே சொல்கிறார்கள் என்றும் இதற்கு அர்த்தம் உண்டு. ஆனால் கேட்கப்படும் பழக்கம் அவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது.

கமலா ஹாரிஸ் போட்டியிட்டபோது அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் வழிபாடு நடந்ததை நம் மாணவர்கள் கைபேசியில் பார்த்தார்கள். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3.3 லட்சம் பேர். விசா விதிகள் யார் கையில் என்பது அந்தக் கனவு உள்ள வீடுகளுக்குச் சோற்றுப் பிரச்சினை. அதனால் டிரம்பைப் பற்றியும் கமலாவைப் பற்றியும் கருத்து வைத்திருப்பதில் ஒரு தவறும் இல்லை. அதே அக்கறை சங்கராபுரத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உடனே செய்யக்கூடிய ஒன்று பெயர் சேர்ப்பது. 17 வயது முடிந்தவர்கள் படிவம் 6-இல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதற்குள் 18 நிரம்பினாலும் பெயர் ஏறும். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் கல்லூரித் தலைவரின் சான்றோடு விடுதி முகவரியிலோ, சொந்த ஊர் முகவரியிலோ சேரலாம். இரண்டில் ஒன்று மட்டும். ஆத்தூரிலும் சேலத்திலும் விடுதியில் இருக்கும் மலைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பெயர் மலையிலேயே இருக்கட்டும். மலையில் வாக்காளர் எண்ணிக்கை ஏற்கெனவே குறைவு. நகரத்துப் பட்டியலில் உங்கள் ஒரு பெயர் யார் கண்ணிலும் படாது, வெள்ளிமலைப் பட்டியலில் கட்சிக்காரர்கள் அதை எண்ணித்தான் ஆக வேண்டும்.