பக்கத்து வாசல் தரும் பந்தம்

ஆங்கிலத்தில் அண்மையைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. அவற்றில் ‘ப்ரொபின்குவிட்டி’ பேச்சில் அதிகம் அடிபடாதது. ஆனால், அதன் வேரைத் தேடிப் போனால் மனித உறவு பற்றிய ஒரு பெரிய உண்மை கிடைக்கிறது.

லத்தீனில் ‘ப்ரோபே’ என்றால் ‘பக்கத்தில்’ என்று பொருள். அதிலிருந்து கிளைத்த ‘ப்ரொபின்குவஸ்’ அருகில் இருப்பதையும் குறித்தது, உறவுக்காரரையும் குறித்தது. இந்தச் சொற்குடும்பம் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ‘ப்ரொபின்குவிட்டி’க்கு முதலில் அமைந்த பொருள் இரத்த உறவு. இடத்தால் நெருங்கியிருத்தல் என்ற பொருள் பிறகுதான் சேர்ந்தது. எல்லோருக்கும் பழக்கமான ‘ப்ராக்ஸிமிட்டி’யும், நெருங்கி வருவதைச் சொல்லும் ‘அப்ரோச்’சும் இதே வேரில் முளைத்தவைதான்.

பக்கத்தில் இருப்பதே உறவாகிவிடுமா? அமெரிக்காவில் மூன்று உளவியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள்: லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக். அவர்கள் எடுத்துக்கொண்ட இடம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் எம்.ஐ.டி.யில் படிக்க வந்த மணமான மாணவர்களின் ‘வெஸ்ட்கேட்’ குடியிருப்பு. ஆய்வு 1950-இல் நூலாக வெளிவந்தது.

அங்கே யாருக்கு எந்த வீடு என்பதைக் குடிவந்தவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படியிருந்தும், ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்களாக இருந்தார்கள். இடையில் ஒரு வீடு வந்தால் அது 22 சதவீதம். தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே வெறும் 10 சதவீதம். இத்தனைக்கும் அந்தக் கோடிகளுக்கு இடையே நூறு அடிகூடக் கிடையாது.

அடிக்கணக்கு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கீழ்த்தளத்தில் மாடிப்படியை ஒட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கு மேல்தளத்தில் கூடுதல் நண்பர்கள் கிடைத்தார்கள். மாடிக்காரர்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த வாசலைக் கடந்தாக வேண்டும். பார்த்தார்கள், தலையசைத்தார்கள், இரண்டு வார்த்தை பேசினார்கள். பழக்கம் நட்பானது. இந்த விளைவுக்கு உளவியலில் இன்றும் ‘ப்ரொபின்குவிட்டி’ என்றே பெயர்.

ஆகவே, நட்பு மனசுப் பொருத்தத்தால் மட்டும் வருவதில்லை. படிக்கட்டு எங்கே, வாசல் எந்தப் பக்கம், தபால் பெட்டி எங்கே என்பதெல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. அடுக்குமாடி வீடுகளை வரைபவர்கள் சதுர அடியைக் கணக்கிடுவதுபோலவே, அங்கே குடிவருபவர்கள் ஒருவரையொருவர் தினமும் எங்கே எதிர்கொள்வார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். காரிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து வீடு என்று கட்டிவிட்டு, அக்கம்பக்கத்தில் யாரும் பழகுவதில்லை என்று குடியிருப்பவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.