தொடும் கை நம்முடையதாகட்டும்

குழுமூர் அனிதா பிளஸ் 2 தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவராக முடியவில்லை. 2017 செப்டம்பர் 1-ல் அவரை இழந்தோம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருத்துவக் கனவுள்ள நம் பிள்ளைகள் அறிய வேண்டிய மற்றொரு படிப்பு இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி. பக்கத்தில் திருச்சியிலேயே இதற்கு அரசுக் கல்லூரி உள்ளது.

இந்தச் செய்முறைகளைக் கற்பிக்க இப்போது பல நாடுகளில் 'வி.ஆர்.' எனும் மெய்நிகர் கருவி பயன்படுகிறது. அதைக் கண்ணில் மாட்டினால் தோல், தசை, எலும்பு என உடல் அடுக்கடுக்காக விரியும். பக்கவாதம் வந்தவரை எழுப்பி நிறுத்தும் முறையைப் பலமுறை பழகலாம். தவறினாலும் யாருக்கும் வலிக்காது. ஆங்கிலப் பாடத்தில் திணறும் முதல் தலைமுறை மாணவருக்கு இது பெருந்துணை.

ஆனால் எவ்வளவு அழுத்த வேண்டும், இறுகிய தசை எப்போது இளகுகிறது என்பதைக் கைதான் அறியும். இது தொடும் தொழில். அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும் வாசலோடு நிறுத்தப்பட்டவர்கள் நாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். எந்தத் தெருவிலும் நுழைந்து, வலிக்கும் முழங்காலைப் பிடித்துவிடும் அந்தக் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் சேர வேண்டும்.

எனவே நாம் கேட்பது இரண்டு: இந்தக் கருவி வசதி படைத்த கல்லூரிகளோடு நிற்காமல் அரசுக் கல்லூரிகளுக்கும் வர வேண்டும், அதைக் காரணம் காட்டி மருத்துவமனைப் பயிற்சியைக் குறைக்கக் கூடாது.