எண்ணெய் வழியும் முகமும் பார்க்கின்சன் நோயும்

ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த ஜாய் மில்ன் ஒரு செவிலியர். முப்பது வயதைக் கடந்த கணவரின் உடல் வாடை திடீரென மாறியதை அவர் கவனித்தார். ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று கடிந்தும் பார்த்தார். சுமார் 12 ஆண்டுகள் கழித்துத்தான் கணவருக்குப் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், இருப்பது தெரிந்தது.

அந்த வாடைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று சோதிக்க, எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகள் 6 பேரும் நோயில்லாதவர்கள் 6 பேரும் அணிந்த டி-ஷர்ட்டுகளை அவரிடம் கொடுத்தார்கள். ஆறு நோயாளிகளையும் முகர்ந்தே சொன்னவர், நோயில்லாதவர் ஒருவரையும் அவர்களோடு சேர்த்தார். சில மாதங்களில் அந்த ஏழாமவருக்கும் நோய் உறுதியானது! வாடை இருந்த இடம் அக்குள் அல்ல; எண்ணெய் சுரக்கும் பின்கழுத்துப் பகுதி.

மூளையில் வரும் நோய்க்குத் தோலில் என்ன வேலை? கருவில் மூளையும் மேல்தோலும் ஒரே படலத்திலிருந்துதான் உருவாகின்றன. பார்க்கின்சனில் டோபமைன் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவதால் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. கூடவே வியர்வை, செரிமானம் போன்றவற்றைத் தானாக இயக்கும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. பலருக்கு முகத்தில் எண்ணெய் வழிகிறது. அந்த எண்ணெயை உண்டு வாழும் மலசீசியா என்ற பூஞ்சை பெருகினால் புருவம், மூக்கோரம், தலை எல்லாம் சிவந்து செதில் உதிரும். இதுவே செபோரிக் டெர்மடைட்டிஸ். இதன் லேசான வடிவம்தான் பொடுகு.

முகம் நெடுநாள் சிவந்திருக்கும் ரொசேசியாவுக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு உண்டு. டென்மார்க் மக்களின் பதிவேடுகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், ரொசேசியா உள்ளவர்களிடம் பார்க்கின்சன் சுமார் 1.7 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்கு இது சான்றாகாது.

பொடுகைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அது கோடிக்கணக்கானவர்களுக்கு வருகிறது. நடுத்தர வயதுக்குப் பிறகு தீராத மலச்சிக்கல், வாசனை தெரியாமை, தூக்கத்தில் கத்துவது, கையெழுத்து சிறுத்துப்போவது போன்றவையும் சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

பார்க்கின்சன் வந்த அப்பாவின் தலையில் செதில் உதிர்ந்தால், குளிக்கச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். நடுங்கும் கையால் தலையைத் தேய்ப்பது கடினம். மருத்துவர் எழுதித்தரும் கீட்டோகோனசோல் ஷாம்புவை நீங்களே தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசிவிடுங்கள். அரிப்பு தணிந்தால் அவருக்கும் நிம்மதி.