இருண்ட திரையும் எழுதிவைத்த குறிப்பும்

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் செல்லும் பக்கத்து நூற்பாலைகளில் ஏதேனும் ஒன்றின் அலுவலகத்தில், சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில், லினக்ஸ் ஓடும் கணினியில் ஊழியர் ஒருவர் நூல் இருப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே திரை சட்டென்று கறுத்து, இரண்டு விநாடி கழித்து, ஒன்றுமே நடவாததுபோல் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடி கேட்டு நிற்குமானால், அங்கே வழக்கமாக எழும் முதற்குரல் “சிஸ்டம் போச்சு” என்பதாகவும், பிறகு வந்துசேரும் ரிப்பேர்க்காரத் தம்பியின் முதல் யோசனை “ஃபார்மட் அடிச்சிடலாம் சார், ஒரு மணி நேர வேலைதான்” என்பதாகவுமே இருக்கும். இரண்டுமே தவறு என்பது என் அபிப்பிராயம். போனது சிஸ்டம் அன்று. அதில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ நிரல்களுள் ஒன்றே ஒன்று. அதுவும், மரணப்படுக்கையில் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுப்பவனைப்போல, தான் ஏன் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டே போகிறது. ஃபார்மட் அடிப்பவர் அந்தக் கோப்பைத்தான் முதலில் அழிக்கிறார்.

அந்த நிரலின் பெயர் எக்ஸ். யூனிக்ஸ் வம்சத்துக் கணினிகளில், நினைவகத்தையும் வட்டையும் பிற உபகரணங்களையும் ஆளுகிற கெர்னல் என்னும் உட்கரு வேறு. திரையில் ஜன்னல்களை வரைந்து, சுட்டி நகர்வதையும் விசை அழுத்தப்படுவதையும் உரிய நிரலுக்குக் கொண்டுசேர்க்கிற காரியஸ்தன் வேறு. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. சர்வகலாசாலையில், அதீனா என்ற திட்டத்தின் காலத்தில், ராபர்ட் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர், ஸ்டான்ஃபோர்டில் பிறந்த டபிள்யூ என்ற முன்னோடியை அடியொற்றி இதை உருவாக்கினார்கள். 1987 செப்டம்பரில் வெளிவந்த அதன் பதினோராவது பதிப்பின் அடிப்படை விதிகள்தாம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கின்றன என்பது, ஆண்டுக்கொரு வேஷம் மாறும் கணினி உலகில் சற்றே ஆச்சரியமான விஷயம். சர்வர் என்றால் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கும் பெரிய யந்திரம் என்று எண்ணிப் பழகியவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும்: இங்கே சர்வர் நம் கண்ணெதிரே, திரையை வைத்திருக்கும் கணினியிலேயே ஓடுவது, திரையில் இடம் கேட்டு அதனிடம் வரும் கணக்கு நிரலும் உலாவியும் அதன் வாடிக்கைக்காரர்கள். ஆகவே எக்ஸ் விழுந்தால் அதை நம்பித் திரையில் இருந்த நிரல்களும் கூடவே விழும், சேமிக்காத கணக்கும் போகும்; கெர்னலும், வட்டிலுள்ள கோப்புகளும், வலைப்பின்னல் இணைப்பும் அநேகமாய் அப்படியே இருக்கும்.

நம் நாட்டுப்புறத்துக்கு லினக்ஸும் அதோடு எக்ஸும் எப்படி வந்தன என்றால், 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழக அரசின் எல்காட் ஸ்தாபனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராயிருந்த காலத்தில், சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே 2007-இன் தொடக்கத்தில் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸும் ஏற்றப்பட்டு, மாணவர் வீடுகளுக்குள் நுழைந்தது. யந்திரம் வந்த வேகத்தில், அது கெட்டால் எங்கே பார்ப்பது என்ற ஞானம் வரவில்லை என்பதே என் மனக்குறை.

எங்கே பார்ப்பது? முதலில், யந்திரம் உயிரோடிருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். பலர் நம்லாக் விசையைத் தட்டி, விளக்கு எரியவில்லையென்றால் உடனே மின்விசையை அணைத்துவிடுகிறார்கள். எக்ஸ் ஓடும்போது விசைப்பலகை அதன் வசத்தில் இருப்பதால், எக்ஸ் உறைந்தாலே விளக்கும் அசையாதிருக்கக்கூடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3-ஐ அழுத்தினால், கறுப்புப் பின்னணியில் எழுத்து மாத்திரம் உள்ள கன்சோல் வரலாம். வராவிட்டால் அடுத்த மேஜைக் கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே நுழைந்து பார்க்கலாம், முன்னமே அதற்கு வழிசெய்து வைத்திருந்தால். நுழைய முடிந்ததென்றால் பாதி வழக்கு தீர்ந்தது.

இனி வாக்குமூலம். வார் என்னும் அடைவுக்குள் லாக் என்னும் உள்ளடைவில் ‘எக்ஸார்க்.0.லாக்’ என்ற கோப்பு இருக்கும்; சில புதிய அமைப்புகளில் அது பயனரின் வீட்டு அடைவுக்குள்ளேயே மறைவாக இருக்கும். அதன் வரிகள் பலவற்றின் முன்னாலும் ஓர் அடையாளம் உண்டு: இரண்டு ஐ எழுத்து இருந்தால் வெறும் தகவல், இரண்டு டபிள்யூ இருந்தால் எச்சரிக்கை, இரண்டு ஈ இருந்தால் பிழை, இரண்டு சிறு கோடுகள் இருந்தால் யந்திரத்தைச் சோதித்துத் தானே கண்டறிந்தது, இரண்டு நட்சத்திரங்கள் இருந்தால் நாம் எழுதிவைத்த அமைவுக்கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. தேர்ந்தவர்களும் இடறி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. எக்ஸ் விழுந்தவுடன், உள்நுழைவுத் திரையைக் காட்டும் நிரல் அதை மறுபடி எழுப்பிவிடுகிறது. எழுந்த எக்ஸ் புதிய கோப்பைத் தொடங்கும்போது, பழையதன் பெயருக்குப் பின்னால் ‘ஓல்டு’ என்று சேர்த்து ஒதுக்கி வைக்கிறது. விழுந்த காரணம் இருப்பது அந்த ஓல்டில். புதிய கோப்போ ஒரு பாவமும் அறியாதது. பழையது ஒன்றைத்தான் அது வைத்துக்கொள்ளும் என்பதால், இரண்டாம் முறை விழுந்து எழுந்தால் முதல் சாட்சியம் போயிற்று. ஆகையால், கன்சோல் கிடைத்தவுடன் முதற்காரியம், வேறெதையும் தொடாமல், இரண்டு கோப்புகளையும் வேறோரிடத்துக்குப் பிரதி எடுத்து வைப்பது.

படிக்கும்போதும் நிதானம் வேண்டும். இரட்டை ஈ கண்ட இடமெல்லாம் குற்றவாளி இல்லை. வரைகலை அட்டையை இயக்கும் டிரைவர் என்ற துணைநிரல்களுள் இல்லாத ஒன்றைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று பிழை எழுதிவிட்டு, வேறொன்றை வைத்துச் சுகமாக நடந்துபோவது எக்ஸின் சுபாவம். கோப்பின் கடைசிப் பகுதியில் ‘சிக்னல் 11’ என்றும், அதற்கு முன்னே ‘பேக்ட்ரேஸ்’ என்ற தலைப்பில் எந்தெந்தப் பாகத்துக்குள் நின்றபோது உயிர் போயிற்று என்ற வரிசையும் இருந்தால், அந்த வரிசையின் மேற்பகுதியில் எந்த டிரைவரின் பெயர் வருகிறதோ அதன்மேல் முதற் சந்தேகம் கொள்ளலாம். அப்படியன்றி ‘நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்’ என்று முடிந்திருந்தால், எக்ஸ் ஓடிக்கொண்டிருக்கையில் விழவில்லை. எழுந்து நிற்கவே முடியவில்லை. என்விடியா அட்டையும் அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவரும் உள்ள கணினியில், முந்தின நாள் கெர்னல் புதுப்பிக்கப்பட்டு, மறுநாள் காலை இது நேர்ந்ததென்றால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை: அந்த டிரைவரின் ஒரு பகுதி ஒவ்வொரு கெர்னலுக்கும் ஏற்பத் தனியே கட்டப்பட வேண்டியது, புதியதற்குக் கட்டப்படவில்லை. தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் திரை வந்துவிடும். பொருத்தமான டிரைவரைப் பிறகு நிறுவிக்கொள்ளலாம்.

எக்ஸின்மேல் பழி விழுந்தும் எக்ஸ் செய்யாத குற்றங்களும் உண்டு. சரியான கடவுச்சொல் கொடுத்தும் திரை மின்னிவிட்டு மறுபடி கடவுச்சொல்லையே கேட்டால், பெரும்பாலும் வட்டு நிரம்பியிருக்கும், அல்லது யாரோ ஒருவர் நிர்வாகியின் அதிகாரத்தோடு எக்ஸைத் தொடங்கிப் பார்த்ததில், ‘எக்ஸ் அத்தாரிட்டி’ என்ற அனுமதிச்சீட்டுக் கோப்பு நிர்வாகியின் பெயருக்கு மாறியிருக்கும். திரையின் எழுத்துகள் திடீரென்று பருத்துவிட்டால், பதினைந்து முள் உள்ள பழைய வி.ஜி.ஏ. கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தன்னால் எத்தனை புள்ளிகள் காட்ட முடியும் என்ற விவரத்தை 128 பைட்டு அளவில் மானிட்டர் கணினிக்குச் சொல்வது அதன் 12-ஆம், 15-ஆம் முள்களின் வழியாகத்தான். அவற்றில் ஒன்று வளைந்தாலும் எக்ஸ் குருட்டுத்தனமாய் ஒரு சிறிய அளவை எடுத்துக்கொள்கிறது.

நம் சமவெளியில் மறக்கக்கூடாத இன்னொரு சந்தேகத்துக்குரியவன் வெயில். அவனுக்குக் கூட்டாளி பஞ்சு. ஆலை வளாகத்துக் காற்றில் மிதக்கும் பஞ்சிழை வரைகலை அட்டையின் விசிறியில் மெல்லிய கம்பளிபோல் படிந்து, காற்றோட்டத்தை அடைத்துவிட்டால், காலையில் ஒழுங்காயிருக்கும் கணினி பிற்பகலில் விழும். இதை நிர்ணயிக்க நல்ல வழி, பேக்ட்ரேஸ்களை ஒப்பிடுவதே: ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழுந்தால் பழுது நிரலில் இருக்கலாம், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறிடத்தில் விழுந்தால் வெப்பத்தையோ நினைவகச் சில்லையோ மின்சாரத்தையோ சந்தேகிப்பது நலம். டி-மெசேஜ் என்ற கட்டளை தரும் கெர்னலின் குறிப்புகளில் வரைகலைச் சில்லு உறைந்ததாகச் சொல்லும் வரி கிடைத்தால் சந்தேகம் வலுக்கும். பெட்டியைத் திறந்து, தூரிகையால் பஞ்சை எடுத்து, இரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்னும் நினைவகச் சோதனையை ஓடவிட்டுவிட்டு, அதற்குப் பின்பு அட்டை வாங்கப் பணம் எடுக்கலாம்.

2008-இல் கிறிஸ்டியான் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் என்ற புதிய ஏற்பாடு எக்ஸின் இடத்தைப் பல கணினிகளில் இப்போது எடுத்துக்கொண்டுவிட்டது. அவற்றில் ‘எக்ஸார்க்.0.லாக்’ என்ற கோப்பைத் தேடிக் காணாமல் மலைக்க வேண்டாம். அதே குறிப்புகளை ‘ஜர்னல்-சி.டி.எல்.’ என்ற கட்டளையிடம் கேட்க வேண்டும். பொதுவான தினக்குறிப்புப் புத்தகத்தில் அவை மற்றச் சங்கதிகளோடு கலந்து கிடக்கும் என்பதால், திரை கறுத்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து ஒரு தாளில் எழுதிவைத்திருப்பவருக்குத் தேடும் வேலை பாதியாய்க் குறையும்.