நேர்முகத் தேர்வு முடிந்தது, இடம் கிடைக்குமா?

"அக்கா, இன்டர்வியூ முடிஞ்சிருச்சு. நல்லாத்தான் பேசினேன். எனக்கு இடம் கிடைக்குமா?"

எங்கள் வானொலி நிகழ்ச்சிக்கு வரும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் அல்லர். உளவியலில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வு முடிந்து, பதிலுக்காகக் காத்திருப்பவர்கள். நான் ஊடகத் துறையில் பட்டம் முடித்து ஒலிபரப்புக்கு வந்த புதிதில், "நான் சைக்காலஜி படிக்கிறேன்" என்று சொன்ன நேயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று அப்படியில்லை.

"கவலைப்படாதீங்க, கண்டிப்பா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போடுவது எளிது. ஆனால், இரண்டு மூன்று ஆண்டுத் திட்டத்தை ஒரு மின்னஞ்சலை நம்பி வைத்திருக்கும் பிள்ளைக்கு அது பதில் ஆகாது. இந்தக் கேள்விக்கு ஓரளவு கணக்கு இருக்கிறது. நேர்முகத் தேர்வைப் பற்றி உளவியல் துறையே கண்டறிந்த சில உண்மைகளும் இருக்கின்றன.

இடங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கிளினிக்கல் சைக்காலஜி எனப்படும் மருத்துவ உளவியலை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டமான துணை சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களில் இதுவும் ஒன்று. உளவியலில் இளங்கலைப் பட்டம் வாங்கியவுடன் பெயர்ப் பலகை மாட்டிவிட முடியாது. மருத்துவ உளவியலில் முதுகலை முடித்து, மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். யு.கே.எம்., ஹெல்ப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில்தான் இந்தப் படிப்பு இருக்கிறது.

மற்ற படிப்புகளைப் போல வகுப்பில் இன்னும் இருபது நாற்காலி போட்டு இடத்தைக் கூட்டவும் முடியாது. ஒவ்வொரு மாணவரும் மருத்துவமனையிலோ சிகிச்சை நிலையத்திலோ உண்மையான மனிதர்களைச் சந்தித்துப் பயிற்சி பெற வேண்டும். அந்தச் சந்திப்புகளைத் தகுதி பெற்ற ஒருவர் மேற்பார்வையிட வேண்டும். ஒரு மேற்பார்வையாளரால் ஒரு நேரத்தில் சில மாணவர்களைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். அவர்களின் எண்ணிக்கைதான் இடங்களின் எண்ணிக்கையை முடிவு செய்கிறது. நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட வெளியே நிற்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு படிப்புக்கு 200 பேர் விண்ணப்பிக்கிறார்கள். 40 பேரை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறார்கள். இடம் 12 பேருக்கு. சிலர் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்பதால், கடைசியில் 16 பேருக்கு அனுமதிக் கடிதம் போகிறது.

விண்ணப்பித்த நாளில் உங்கள் வாய்ப்பு நூற்றுக்கு 8. நேர்முகத் தேர்வுக்கு உட்கார்ந்தபின் அது நூற்றுக்கு 40. ஐந்து மடங்கு கூடிவிட்டது. அழைப்பு வந்ததையே ஒரு வெற்றியாகக் கொண்டாடலாம் என்று நான் நேயர்களிடம் சொல்வது இதனால்தான். அதே சமயம், அழைக்கப்பட்ட 40 பேரில் 24 பேர் கடிதம் இல்லாமல் திரும்புகிறார்கள். தாண்டியது பாதிக் கிணறுதான்.

இரண்டு பல்கலைக்கழகங்களில் இதே போல 40 விழுக்காட்டு வாய்ப்பு இருந்தால், கூட்டி 80 என்று கணக்குப் போடக்கூடாது. இரண்டிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 36 விழுக்காடு. ஆகவே, ஒன்றிலாவது கிடைக்கும் வாய்ப்பு 64. அதுகூட இரண்டு தேர்வுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால்தான். ஒரே ஆள், ஒரே மதிப்பெண், ஒரே அனுபவம் என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் இந்தக் கணக்கை ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முனைவர் பட்டத் திட்டங்களில் பல, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் வழங்கப்பட்டது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை ஆண்டுவாரியாகப் பொதுவில் வெளியிடுகின்றன. அங்கு பல திட்டங்களில் மாணவர் ஒரு குறிப்பிட்ட பேராசிரியரின் ஆய்வுக் குழுவுக்கே விண்ணப்பிக்கிறார். அந்தப் பேராசிரியர் அந்த ஆண்டு ஒருவரை மட்டும் எடுக்கிறார் என்றால், உங்களோடு அழைக்கப்பட்ட இரண்டு மூன்று பேர்தான் உங்கள் போட்டியாளர்கள். மொத்த விண்ணப்ப எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப் போவதைவிட, "உங்கள் குழுவுக்கு இந்த ஆண்டு எத்தனை பேரை எடுக்கிறீர்கள்?" என்று பணிவாகக் கேட்பது பயன் தரும்.

இன்னொரு விஷயம். வெளிநாட்டுப் பட்டம் இங்கே பதிவுக்கு ஏற்கப்படுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே மன்றத்திடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

சிரித்துப் பேசினார்கள் என்றால் இடம் உண்டா?

"அரை மணி நேரம்னு சொன்னாங்க, முக்கால் மணி நேரம் பேசினாங்க. தலையாட்டிக்கிட்டே கேட்டாங்க. நல்ல சகுனம்தானே?" என்று ஒரு நேயர் கேட்டிருந்தார்.

உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் உளவியலாளர்கள். பதற்றத்தோடு வரும் மனிதரை இலகுவாகப் பேச வைப்பது அவர்களின் அன்றாட வேலை. அந்தப் புன்னகை நாற்பது பேருக்கும் கிடைத்திருக்கும். அதேபோல, ஒருவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தால், அது உங்களுக்கு எதிரான தீர்ப்பு அல்ல. மதிப்பெண் தாளை நிரப்பிக்கொண்டிருந்திருக்கலாம்.

மதிப்பெண் தாளுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1955இல் டேனியல் கானமன் என்ற 21 வயது இளைஞர் இஸ்ரேலிய ராணுவத்தில் பணியாற்றினார். அங்கே புதிதாகச் சேர்பவர்களிடம் மனம்போன போக்கில் நடத்தப்பட்டு வந்த நேர்முகத் தேர்வு, யார் பின்னால் நன்றாகப் பணிபுரிவார் என்பதைச் சொல்ல ஏறக்குறைய உதவவே இல்லை. கானமன் முறையை மாற்றினார். ஆறு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றிய கேள்விகள், ஒரு பண்புக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். கேள்வி கேட்பவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால், கணிப்பு முன்பைவிட நன்றாக அமைந்தது. பின்னாளில், 2002இல், இதே கானமன் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்றார்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்களைத் தேர்ந்தெடுக்க, ஒரே நீண்ட நேர்முகத் தேர்வுக்குப் பதிலாகப் பல குறுந்தேர்வுகள் என்ற முறையைக் கொண்டு வந்தது. மாணவர் ஒவ்வோர் அறையாகச் சென்று சில நிமிடங்கள் பேசுவார். ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது. உலகின் பல சுகாதாரப் படிப்புகளில் இன்று இந்த முறை இருக்கிறது. இப்படிப்பட்ட தேர்வுக்குப் போய் வந்தவர்கள், ஒரு கேள்வியில் தடுமாறியதை நினைத்து இரவெல்லாம் புரள வேண்டியதில்லை.

ஹூஸ்டனில் நடந்தது

1979இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகர மருத்துவக் கல்லூரி, நேர்முகத் தேர்வு நடத்தித் தரவரிசை தயாரித்து, 150 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. அதன்பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று மாநில சட்டமன்றம் சொல்லிவிட்டது. அதற்குள் நல்ல இடம் பிடித்தவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். முதலில் நிராகரிக்கப்பட்டு, தரவரிசையின் அடியில் இருந்தவர்களைத்தான் எடுக்க முடிந்தது.

பிறகு ஆய்வாளர்கள் இரு பிரிவினரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படிப்பிலும் சரி, பட்டம் பெற்றபின் மருத்துவமனைப் பயிற்சியின் முதல் ஆண்டிலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1987இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அந்த ஆய்வு வெளியானது.

நேர்முகத் தேர்வே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மதிப்பெண்ணும் தகுதியும் ஏற்கெனவே இருப்பவர்களைத்தான் அழைக்கிறார்கள். அவர்களுக்குள் 12ஆவது யார், 13ஆவது யார் என்று பிரிப்பது மிக மெல்லிய கோடு. உங்களுக்கு இடம் கிடைக்காவிட்டால், அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள் என்றுதான் அர்த்தம். "உனக்கு இந்தத் துறை சரிப்படாது" என்று யாரும் சொல்லிவிடவில்லை.

காத்திருப்புப் பட்டியல் என்பது மறுப்பு அல்ல

சிலருக்கு "ஆம்" என்றும் வராது, "இல்லை" என்றும் வராது. காத்திருப்புப் பட்டியலில் இருப்பதாகக் கடிதம் வரும். முதலில் இடம் கிடைத்தவர் கட்டணம் கட்ட முடியாமலோ, உபகாரச் சம்பளம் கிடைக்காமலோ, வேலையில் விடுப்புக் கிடைக்காமலோ விலகும்போது இந்தப் பட்டியல் நகரும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். நிதியுதவியோடு இடம் வழங்கினால், ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால், அந்தத் தேதிக்கு முந்தைய சில நாள்களில்தான் பட்டியல் வேகமாக நகரும். பிப்ரவரியில் கடிதம் வரவில்லை என்று மனம் உடைந்தவருக்கு ஏப்ரல் 14 இரவில் அழைப்பு வருவது உண்டு.

பட்டியலில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை சில. இன்னும் ஆர்வமாக இருப்பதாக ஒரு சுருக்கமான மின்னஞ்சல் அனுப்புங்கள். புதிதாக ஏதாவது நடந்திருந்தால், ஆய்வுக் கட்டுரையோ தொண்டூழிய அனுபவமோ இருந்தால், அதையும் ஒரு வரியில் சேருங்கள். வாரம் ஒரு முறை தொலைபேசியில் கேட்டுத் துளைக்க வேண்டாம். கட்டணத்துக்கான ஏற்பாட்டை இப்போதே பேசி வையுங்கள். அழைப்பு வந்தால் பதில் சொல்ல சில நாள்கள்தான் கிடைக்கும். இரண்டு இடம் கிடைத்தவர்கள், வேண்டாத இடத்தைச் சீக்கிரமாக விட்டுக்கொடுங்கள். அந்த இடத்துக்காக ஒரு வீட்டில் ஒருவர் தூங்காமல் இருக்கிறார்.

கிடைக்காவிட்டால்?

முதலில், தேர்வுக் குழுவிடம் கருத்துக் கேளுங்கள். எல்லாரும் சொல்லமாட்டார்கள்; சொன்னால் அது பொன்னானது. "அனுபவம் போதாது" என்றால், ஓராண்டு ஆய்வு உதவியாளராகவோ, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான மையத்திலோ, நெருக்கடி நேரத் தொலைபேசிச் சேவையிலோ பணியாற்றிவிட்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். இரண்டாவது முறை இடம் பெறுவது இந்தத் துறையில் புதுமையல்ல.

வழியும் ஒன்று மட்டும் அல்ல. ஆலோசகர்களுக்கு 1998ஆம் ஆண்டின் 580ஆம் சட்டம் என்று தனிச் சட்டமும் தனிப் பதிவும் இருக்கின்றன. ஆலோசனைத் துறையில் முதுகலை படித்துப் பதிவு பெறலாம். கல்வி உளவியல், தொழிலக உளவியல் ஆகியவையும் இருக்கின்றன. மனிதர்களின் பேச்சைக் கேட்டு உதவ வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், இவற்றில் ஒன்று உங்களுக்கு இன்னும் பொருத்தமாகக்கூட அமையலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"டாக்டருக்குப் படிக்காமல் இது என்ன படிப்பு?" என்று கேட்கும் அப்பாக்களையும், "பைத்தியக்கார ஆஸ்பத்திரியில வேலையா?" என்று பயப்படும் பாட்டிகளையும் நேயர்கள் வழியாக நான் நன்கு அறிவேன். அவர்களுக்கு ஒரு தகவல். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 16 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது. 2019இல் 2.3 விழுக்காடாக இருந்தது, நான்கே ஆண்டுகளில் 4.6 விழுக்காடானது.

அவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்தில் வாழ்ந்து பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த ஒரு மூதாட்டி, "நெஞ்சு படபடங்குது, மனசு ஒரு மாதிரி கனமா இருக்கு" என்பதை எந்த மொழியில் சொல்வார்? பேரன் மொழிபெயர்க்க உட்கார்ந்தால், மருமகளைப் பற்றியும் மகனைப் பற்றியும் அவரால் மனம்விட்டுப் பேச முடியுமா? தமிழில் கேட்டுத் தமிழில் பதில் சொல்லும் ஓர் உளவியலாளர் அந்த அறையில் இருந்தால், அங்கே நடப்பதே வேறு. உங்கள் பிள்ளை காத்திருப்பது அந்த நாற்காலிக்காக.

ஆகவே, தினமும் சாப்பாட்டு மேசையில் "ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். வந்தால் அவர்களே சொல்வார்கள். வராத நாளில் படம் பார்க்கவோ, கோயிலுக்கோ, பசார் மாலாமுக்கோ அழைத்துப் போங்கள். இந்த ஆண்டு இடம் இல்லை என்று வந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு என்ன உதவி வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.